கோயில் மேடையா, மண்டபமா, வளவா? வன்னியில் சொந்தப் பாட்டை எங்கே பாடுவது

எங்களிடம் 11 பாட்டு இருந்தது. அவற்றை எங்கே பாடுவது என்பதில்தான் ஒரு மாரிகாலம் முழுவதும் ஐந்து பேரும் வாக்குவாதப்பட்டோம். கோயில் திருவிழாவில் ஏறலாம் என்றார் ஒருவர். கிளிநொச்சியில் மண்டபம் எடுத்து ரிக்கற் போடலாம் என்றேன் நான். மேடையே வேண்டாம், யூரியூப்பில் விட்டால் போதும் என்றார் ஒரு தம்பி. ஆருடையவாவது வீட்டு வளவில் பாய் விரித்துப் பாடுவோம் என்று கடைசியாகச் சொன்னவள் எங்கள் கிற்றார்க்காரி. அப்போது அதை நாங்கள் ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு வந்த இரண்டு கோடையில் இவற்றை எல்லாம் செய்து பார்த்துவிட்டோம். சொந்தமாகப் பாட்டுக் கட்டத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் சிலர் இப்போது எங்களிடம் அதே கேள்வியோடு வருகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்களில் மத்தளம் அடிப்பவர் முள்ளியவளையார். முல்லைமோடி என்று பெயர்பெற்ற கோவலன் கூத்துக்கு அவருடைய அப்பப்பா பக்கப்பாட்டுப் பாடியவர். தப்பு மேளம் அடிக்கிற தம்பியின் குடும்பம் 1977 வன்செயலோடு மலையகத்தை விட்டு வந்து, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியிருந்த குடும்பம். மாசியில் காமன் கூத்துக்கு அடித்துப் பழகிய கை அது. பெண் பிள்ளைகள் இரண்டு பேர்: ஒருத்தி கிற்றார், ஒருத்தி ஆர்மோனியம். பாட்டு எழுதுவதும் முன்னுக்கு நின்று பாடுவதும் நான். மெட்டுகள் பெரும்பாலும் தரு என்கிற கூத்துப் பாட்டுகளிலும், நெல் அறுக்கும்போது பாடுகிற அரிவி வெட்டுப் பாட்டுகளிலும் இருந்து முளைத்தவை. சொல் முழுக்க எங்களுடையது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துக்குள் நின்ற இரவைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. கீழே அந்தப் பாட்டு அடிக்கடி வரும். ஒவ்வோர் இடமும் அதற்கு என்ன செய்தது என்பதை வைத்துத்தான் நான் இடங்களை எடைபோட்டேன்.

தெரிந்த சினிமாப் பாட்டைக் கேட்பவருக்கு முதலடி காதில் விழுந்தால் போதும். மிச்சத்தை அவரே மனத்துக்குள் பாடிக்கொள்வார். மைக் இரைந்தாலும் பக்கத்தில் குழந்தை அழுதாலும் பாட்டு அவருக்கு முழுதாகக் கிடைத்துவிடும். புதுப்பாட்டுக்கு அந்த வசதி இல்லை. ஒரு சொல் தவறினால் அடுத்த அடி விளங்காது. இரண்டு அடி தவறினால் அவர் எழும்பிக் கச்சான் கடைப் பக்கம் போய்விடுவார். அவரில் பிழை சொல்ல முடியாது. ஆகவே எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு கிடைக்கும் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள்: கடைசிப் பாயில் இருக்கிற ஆச்சிக்குச் சொல் போய்ச் சேருமா?

வன்னியில் பாட்டென்றால் முதலில் நினைவுக்கு வருவது கோயில் வீதிதான். பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல், வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல், அவற்றைச் சுற்றிக் கோடை முழுவதும் ஊருக்கு ஊர் திருவிழா. ஆட்களைச் சேர்க்கிற வேலை பாடுகிறவருக்கு இல்லை. அம்மன் சேர்த்து வைத்திருப்பாள். கைக்குழந்தை தொடக்கம் தடி ஊன்றுகிற கிழவர் வரை ஒரே மணலில் இருப்பார்கள். எங்கள் கூத்தும் அந்த மணலில் வளர்ந்ததுதான். வட்டக்களரி என்கிற வட்டமான ஆடுகளத்தைச் சுற்றவரச் சனம் இருக்க, கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, விடியும்வரை ஆடியிருக்கிறார்கள். அன்று ஒலிபெருக்கி இல்லை. ஆட்டக்காரர் தருவைப் பாட, பக்கப்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாட, ஒரே சொல் இரண்டு மூன்று தடவை காதுக்கு வரும். சொல் சிந்தாமல் இருக்க முன்னோர் கண்ட வழி அது.

இன்றைய திருவிழா மேடை வேறு. இரவு நிகழ்ச்சி ஓர் உபயகாரருடைய செலவு. அவர் பலவேளை கனடாவிலோ இலண்டனிலோ இருந்து பேஸ்புக் நேரலையில் பார்த்துக்கொண்டிருப்பார். தன் திருவிழா எடுப்பாக நடக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஊரை விட்டுப் போனவருக்கு ஊரோடு மிஞ்சியிருக்கிற பிடி அது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த எடுப்பை ஒலியமைப்பில்தான் காட்டுகிறார்கள். பெரிய பெட்டிகளை அடுக்கி, குரலுக்கு எக்கோ ஏற்றி, கீபோட்டுக்கும் ஒக்டபாட்டுக்கும் தோதாக மிக்சரைத் திருகி வைத்திருப்பார்கள். மத்தளத்துக்கு ஒரு மைக் மட்டும் தந்தால் வலந்தலை கேட்கும், இடந்தலை காணாமல் போகும். முதல் வருடம் ஒரு கோயிலில் வெள்ளப் பாட்டைப் பாடினோம். எக்கோவில் ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லின் மேல் ஏறி விழுந்தது. பாடி முடிய நல்ல கைதட்டல். அது என்ன பாட்டு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதற்குள் மேடைக்கு ஐந்தாறு துண்டு வந்துவிட்டது, எல்லாமே சினிமாப் பாட்டுக் கேட்டு.

நேரமும் ஒரு சிக்கல். சுவாமி வெளிவீதி சுற்றி உள்ளே போன பிறகுதான் நிகழ்ச்சி தொடங்கும். அது ஒன்பதும் ஆகலாம், பத்தரையும் ஆகலாம். 2007இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளைப்படி இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி இல்லை. விசேட சமய நிகழ்வென்றால் தனியாக அனுமதி எடுக்கவேண்டும். நிர்வாகசபை அதை எடுத்து வைத்திருந்தாலும், நேரம் சுருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது ஆருக்கும் தெரியாத குழுதான். ஒரு மணித்தியாலம் என்று கூப்பிட்ட இடத்திலிருந்து 3 பாட்டோடு இறங்கியிருக்கிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். ஒரு கோயிலில் தப்பை மேடைக்கு ஏற்றவேண்டாம் என்றார்கள். "அது செத்தவீட்டு மேளமெல்லோ" என்றார் ஒரு பெரியவர். தம்பி ஒன்றும் பேசாமல் தப்பைத் துணியால் சுற்றிக்கொண்டு போய் வாகனத்துக்குள் இருந்தார். மற்ற நான்கு பேரும் மேடையேறிப் பாடினோம். அன்று நாங்கள் பாடியிருக்கக்கூடாது. அந்த இரவை நினைக்கும்போது இப்பவும் எனக்கு நெஞ்சு கனக்கும். இப்போது கோயில்காரர் கதைக்க வந்தால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுகிறோம்: தப்பு ஏறினால்தான் நாங்களும் ஏறுவோம். சில கோயில்கள் சந்தோசமாகச் சரி என்றன. சில பிறகு கோல் எடுக்கவில்லை. பறையும் தப்பும் வைத்திருக்கிற குழு இதைப் பற்றித் தங்களுக்குள் முன்கூட்டியே கதைத்து முடிவெடுக்கவேண்டும். மேடைக்குப் பின்னால், நேரமாகுது என்று ஒருவர் அவசரப்படுத்தும்போது எடுக்கிற முடிவு சரியாக வராது.

கலியாண வீடு, சாமத்திய வீடு பற்றி நிறையச் சொல்ல இல்லை. கூலி நிச்சயம், சாப்பாடு நிச்சயம். வந்தவர்கள் வாழ்த்த வந்தவர்கள், பாட்டுக் கேட்க வந்தவர்கள் அல்ல. கிற்றார் வாங்கிய கடனைக் கட்டவேண்டியிருந்தபோது இரண்டு வீட்டுக்குப் போய்ச் சினிமாப் பாட்டே பாடினோம். உழைப்புக்குக் கூலி, அதில் ஒரு குறையும் இல்லை. பிரதேச செயலகங்கள் நடத்துகிற பண்பாட்டு விழாக்களில் கூத்துக்கும் நாட்டார் பாட்டுக்கும் மரியாதை உண்டு, ஆனால் ஒரு குழுவுக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. தொண்டு நிறுவனங்கள் விழிப்புணர்வுப் பாட்டுக் கேட்பார்கள். போர் முடிந்து சனம் மீளக் குடியேறிய காலத்தில் மிதிவெடி பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லப் பாட்டும் வீதி நாடகமும் எவ்வளவு உதவின என்பதைக் கண்ணால் கண்டவன் நான். அது தேவையான வேலை. கருப்பொருளை அவர்கள் தருவார்கள், நாங்கள் கட்டிக் கொடுப்போம். எங்களுக்குள்ளிருந்து வருகிற பாட்டுக்கு வேறு இடம் தேடவேண்டும்.

மண்டபத்தின் மேல்தான் எனக்குத் தொடக்கத்தில் ஆசை. கதவைச் சாத்தலாம். கதிரைகள் எல்லாம் ஒரு பக்கம் பார்த்திருக்கும். பாட்டுக் கேட்கவென்றே காசு கொடுத்து வருகிறவர் காதைத் தீட்டிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். அது பொய்த்துப்போகவில்லை. கிளிநொச்சியில் நாங்கள் எடுத்த ஒரேயொரு மண்டப நிகழ்ச்சியில் வெள்ளப் பாட்டை ஒரு செருமல் இல்லாமல் கேட்டார்கள். வெறும் சுவர் குரலைத் திருப்பி எறியும் என்று பயந்து பின்சுவரில் தடித்த துணிகளைத் தொங்கவிட்டிருந்தோம். அதற்குப் பலன் இருந்தது. எக்கோவை முழுதாக எடுத்துவிடச் சொல்லி ஒலியமைப்புத் தம்பியோடு மத்தியானமே நின்று பார்த்துக்கொண்டோம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் மைக் வைத்தோம். ஒலியைப் பொறுத்தவரை அந்த மாலை எங்களுக்குக் கிடைத்ததில் சிறந்தது.

அந்த ஒரு மாலைக்காக ஓடிய ஓட்டம்தான் பெரிது. மண்டபத்துக்கு முற்பணம் கட்டவேண்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். ரிக்கற் அச்சடித்தால் உள்ளூராட்சி சபைக்குக் கொண்டுபோய் முத்திரை குத்தவேண்டும், களியாட்ட வரி கட்டவேண்டும். 1946ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிற வரி அது. புதுக் குழுக்கள் அனேகமாக இதை மறந்துவிட்டுக் கடைசி நாளில் ஓடித் திரிவார்கள். செலவுக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வாடகை, ஒலி, வாகனம், அச்சு, சாப்பாடு, வரி எல்லாவற்றையும் கூட்டி, மண்டபத்தின் பாதிக் கதிரை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். வருகிற தொகை உங்கள் ஊர் ஆட்கள் பாட்டுக்குக் கொடுக்கக்கூடிய தொகை அல்ல என்று தெரிந்தால் அந்த மண்டபத்தை எடுக்க உங்களுக்கு இன்னும் காலம் வரவில்லை. முழுக் கதிரையால் வகுத்து நாங்கள் சுட்டுக்கொண்டோம்.

காசைவிட என்னை உறுத்தியது வேறு. மண்டபத்துக்கு வந்தவர்கள் ஆசிரியர்கள், வங்கி ஊழியர், பல்கலைக்கழகப் பிள்ளைகள், எங்கள் சிநேகிதர். நல்ல இரசிகர்கள், மனம் நிறைந்து பாராட்டினார்கள். ஆனால் எந்தக் கிழவியிடம் அரிவி வெட்டு மெட்டைக் கேட்டு எழுதினேனோ அவ வரவில்லை. எந்த அண்ணாவியாரின் கொப்பியைப் பார்த்துத் தருக்களைப் படித்தோமோ அவரும் வரவில்லை. எப்படி வருவது? ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்தால் பின்னேரத்துக்குப் பிறகு திரும்பிப் போக பஸ் இல்லை. மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போகலாம் என்றால் இருட்டில் காட்டு வீதியில் யானை நிற்கும். வன்னியில் இரவு நிகழ்ச்சி வைக்கிற ஆரும் யானையை விட்டுவிட்டுக் கணக்குப் போடமுடியாது. பெண் பிள்ளைகள் வரவேண்டும், தாய்மார் வரவேண்டும் என்றால் இன்னும் வெள்ளென முடிக்கவேண்டும். நாலரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிப்பது ஒன்றே வழி, அந்த நேரத்தில் வேலையால் வருகிறவர்கள் வரமுடியாது.

இனி யூரியூப். தம்பியின் வாதத்தில் நியாயம் இருந்தது: பஸ் வேண்டாம், யானை இல்லை, தொரொன்டோவில் இருக்கிற மச்சானும் கேட்பார். ஆனால் வருமானத்துக்காக அந்தப் பக்கம் போகிறவர்கள் கணக்கை ஒருதரம் பார்த்துவிட்டுப் போகவேண்டும். விளம்பரக் காசு கிடைக்க 1,000 சந்தாதாரரும், 12 மாதத்துக்குள் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும் என்பது வழமையான நிபந்தனை. நான்கு நிமிடப் பாட்டொன்றை 60,000 தடவை முழுதாகக் கேட்டால்தான் 4,000 மணித்தியாலம் நிறையும். ஸ்பொட்டிபை 2021இல் இலங்கைக்கு வந்தது. 2024 தொடக்கம் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாவிட்டால் அதற்குக் காசு இல்லை. பொதுவாகச் சினிமாப் பாட்டைத் திருப்பிப் பாடிப் போடுகிறவர்களுக்குப் பார்வை வேகமாக ஏறும், உரிமைக்காரர் கோரினால் காசு அவருக்குப் போய்விடும். சொந்தப் பாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பார்வை எறும்பு ஊருகிறமாதிரித்தான் ஏறும்.

அதற்காகப் பதிவு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பதிவை நான் கூத்துக் கொப்பி மாதிரிப் பார்க்கிறேன். இடப்பெயர்வில் எத்தனை கொப்பி, எத்தனை மத்தளம் வன்னி மண்ணோடு போனது என்று அறிந்தவர்களுக்கு இது விளங்கும். 2009க்குப் பிறகு எங்கள் மத்தளக்காரரின் வீட்டில் மிஞ்சியது அப்பப்பாவின் தாளம் ஒரு சோடி மட்டும். ஆகவே பாட்டுக் கட்டி முடிந்த கிழமையே கைத்தொலைபேசியிலாவது பாடிப் பதிந்து, இரண்டு மூன்று இடத்தில் போட்டுவையுங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வெளியில் பதிந்தால் காற்று இரைச்சல்தான் கேட்கும், அறைக்குள் போங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பாட்டை ஆக்கியவருக்குப் பதியாமலே உரிமை உண்டு, அவர் காலத்துக்குப் பிறகும் 70 ஆண்டு. ஆனால் எப்போது ஆக்கியது என்று காட்ட ஒரு சான்று கையில் இருக்கவேண்டும். அதே சட்டத்தில் நாட்டார் கலைகளுக்கென ஒரு தனிப் பிரிவும் உண்டு. பழைய அரிவிப் பாட்டின் சொல்லையே எடுத்து, மரபான சூழலுக்கு வெளியே காசுக்குப் பாடுகிறவர்கள் அதை வாசித்துவிட்டுச் செய்யவேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், மெட்டுத் தந்த ஊரின் பெயரை மேடையில் சொல்லாமல் நாங்கள் பாடுவதில்லை.

கடைசியாக வளவு. ஒரு மாசியில், காலபோக அறுவடை முடிந்து நெல் மூட்டை திண்ணையில் அடுக்கியிருக்கிற நேரம், தருமபுரம் பக்கத்தில் ஒரு வீட்டுக்காரர் கூப்பிட்டார். முன்பென்றால் அந்த மாதத்தில் பாட்டுக்கு இடம் தேடத் தேவையில்லை. அரிவி வெட்டில் பாட்டு, களவெட்டியில் சூடு மிதிக்கும்போது பாட்டு. இப்போது மெசின் வந்து ஒரு பகலில் வயலை முடித்துவிடுகிறது. வேலை இலேசாகிவிட்டது, நல்லது. அந்த வேலையோடு ஒட்டியிருந்த பாட்டு மட்டும் வீடில்லாமல் நிற்கிறது. பூரணை நாள், விடுமுறை. மாமரத்துக்குக் கீழே பாய் விரித்து, வீட்டுக்காரர் ஒரு பல்பைக் கொப்பில் கட்டிவிட்டார். நாற்பது பேர் வரையில் வந்தார்கள், எல்லாரும் நடந்து வந்தவர்கள். ஒலிபெருக்கி இல்லாதபடியால் அதற்கு அனுமதி என்ற கதையும் இல்லை.

தம்பி வைக்கலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சத் தொடங்கினார். ஊர்ச் சிறுவர் எல்லாரும் நெருப்பைச் சுற்றிக் குந்திவிட்டார்கள். தோல் இறுகி ஓசை ஏறுவதை அவர்கள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தத் தப்பு வாகனத்துக்குள் கிடந்ததோ அதே தப்போடு அன்றைய பாட்டுத் தொடங்கியது. ஒலியைப் பொறுத்தவரை சில பாடங்கள் படித்தோம். மத்தளக்காரரை எங்களுக்குப் பின்னால் ஏழெட்டு அடி தள்ளி இருத்தினால்தான் குரல் மேலே நிற்கும். கிற்றார் மூன்றாவது வரிசைக்கு அப்பால் கேட்காது, அதனால் அவளை ஆட்களுக்கு நடுவிலேயே இருத்திவிட்டோம். நாற்பதுக்கு மேல் ஆள் வந்தால் வரிசையாக இருத்தாமல் வட்டமாக இருத்தவேண்டும். வட்டக்களரி ஏன் வட்டமாக இருந்தது என்று அன்றுதான் எனக்கு உடம்பால் விளங்கியது.

வெள்ளப் பாட்டில் "குளம் நிறைஞ்சு வழியுது" என்று ஓர் அடி இருந்தது. இரண்டாவது தடவை அந்த அடி வந்தபோது பின்பாயிலிருந்து ஓர் ஆச்சி கையை உயர்த்தினா.

"ராசா, கொஞ்சம் நில்லு. குளம் வழியிறேல்லை. வான் பாயுறது."

எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் ஆச்சி சிரிக்கவில்லை. "பானைதான் வழியும். குளம் வான் பாஞ்சால் அந்தச் சத்தம் இரவிலை ரெண்டு கட்டைக்குக் கேக்கும். நீ அந்தச் சத்தத்தைப் பாட்டிலை வை" என்றா. நான் நின்ற நிலையில் அடியை மாற்றி "வான் பாயுது, வான் பாயுது" என்று பாடினேன். தம்பி தப்பில் ஒரு உருட்டு விட்டார். சனம் தானாகத் திருப்பிப் பாடியது. மண்டபத்தில் செருமல் இல்லாமல் கேட்ட பாட்டு அது. கோயில் வீதியில் கைதட்டு வாங்கிய பாட்டு. இரண்டு இடத்திலும் அந்தப் பிழை பிழையாகவே இருந்தது. பாட்டுக்கு என்ன தேவை என்று சொல்லக்கூடியவர் அந்த இரண்டு இடத்துக்கும் வரவில்லை, வந்திருந்தாலும் கையை உயர்த்த வழியில்லை.

வளவின் கடினத்தையும் சொல்லவேண்டும். காணாமல் போன அண்ணனைப் பற்றி ஒரு பாட்டு வைத்திருந்தோம். 2017 மாசியிலிருந்து கிளிநொச்சி வீதியோரத்தில் பிள்ளைகளின் படத்தோடு இருந்த தாய்மாரைக் கண்டு எழுதியது. மண்டபத்தில் அதைப் பாடியபோது முன்னால் இருட்டு. வளவில் பாடியபோது மூன்றடி தூரத்தில் ஒரு தாய். இரண்டாம் சரணத்தில் அவ எழும்பி உள்ளே போனா. பாட்டை நிறுத்தினோம். வீட்டுக்காரியும் எங்கள் ஆர்மோனியக்காரியும் உள்ளே போய் அவவோடு இருந்தார்கள். நெடுநேரம் ஒருவரும் பாடவில்லை. வன்னியில் அந்தப் பாட்டு ஏதோ ஒரு வகையில் தொடாத வீடு அருமை. இப்போது அந்தப் பாட்டை வளவில் பாடுவதென்றால் முதலில் வீட்டுக்காரரிடம் கேட்டு, வருகிறவர்களுக்கும் சொல்லிவிட்டுத்தான் பாடுகிறோம். சில வளவுகளில் பாடுவதே இல்லை.

காசும் குறைவு. வெற்றிலை வைத்த தட்டம் ஒன்றைச் சுற்றிவிடுவார்கள். காசு வரும், அரிசி வரும், ஒருமுறை ஒரு வாழைக்குலை வந்தது. பாடிய நான்கு வளவில் இரண்டில் பெற்றோல் செலவுக்குக் கையிலிருந்து போட்டோம். ஐந்து பேரின் குடும்பத்தையும் வளவுப் பாட்டால் நடத்த ஏலாது. இதை ஒளித்துவிட்டு வளவைப் புகழ்ந்தால் நான் உங்களை ஏமாற்றுகிறவன் ஆவேன்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து நாங்கள் எடுத்த முடிவு இப்படி. புதுப்பாட்டு எதுவும் முதலில் வளவில்தான். மாசி, பங்குனியில் நான்கு வளவு, நான்கும் வெவ்வேறு ஊர். அங்கே திருத்துப்பட்டு, சனம் திருப்பிப் பாடத் தொடங்கிய பாட்டுகளை மட்டும் கோடையில் கோயிலுக்குக் கொண்டுபோகிறோம். அதுவும் பெரிய திருவிழாக்களைத் தேடிப் போவதில்லை. 200, 300 பேர் வருகிற சின்னக் கோயில்களில், தப்பையும் ஏற்றி, எக்கோவைக் குறைத்து, முன்னிரவில் முக்கால் மணித்தியாலம் தர ஒப்புகிற உபயகாரர் இருந்தால் போகிறோம். மண்டபத்தை இரண்டு வருடம் தள்ளி வைத்திருக்கிறோம். பாட்டுகள் ஊரில் தெரிந்த பிறகு எடுத்தால் ரிக்கற் விற்கும், அப்போது வாகனம் பிடித்து அண்ணாவியாரையும் ஆச்சியையும் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்தலாம். யூரியூப்பில் வளவில் பாடியவற்றை மட்டும், அங்கே இருந்தவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுகிறோம்.

உங்கள் நிலை வேறாக இருக்கலாம். தனியாளாகக் கிற்றாரோடு பாடுகிறவர் என்றால் வளவுகூடப் பெரிது, ஒரு விறாந்தை போதும், இன்றைக்கே தொடங்கலாம். வவுனியா நகரத்தில் இருக்கிறவர்களுக்குப் பஸ்ஸும் யானையும் இவ்வளவு தடையில்லை, ஆகவே மண்டபம் எங்களைவிட அவர்களுக்குக் கைகொடுக்கும். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் கிராமங்களில் வடபாங்கு, தென்பாங்குக் கூத்துகளைக் கேட்டு வளர்ந்த சனம் கோயில் திருநாளில் புதுப்பாட்டையும் இருந்து கேட்கும், அங்கே மேடையை முதலில் தெரிவதில் பிழையில்லை. குழுவில் ஒருவருக்காவது வீட்டில் அடுப்பெரிய இந்தப் பாட்டுக் காசுதான் வேண்டும் என்றால், கலியாண வீட்டைத் தள்ளாதீர்கள். அதையும் வளவையும் ஒன்றாகக் குழப்பாமல் இரண்டு பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள்.

போன ஆனியில் ஒரு சின்ன அம்மன் கோயிலில் பாடிக்கொண்டிருந்தபோது வழமைபோலத் துண்டுகள் வந்தன. மூன்றாவது துண்டில், பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்தில், "வான் பாயுற பாட்டு" என்று எழுதியிருந்தது. அதை மத்தளக்காரர் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வருகிற மாசிக்கு இரண்டு வளவு சரியாகிவிட்டது, ஒன்று நெடுங்கேணிப் பக்கம், ஒன்று முத்தையன்கட்டு. நெடுங்கேணியில் பின்னேரமானால் யானை வருகிறதாம், ஆகவே மூன்று மணிக்கே தொடங்கவேண்டும். தேத்தண்ணிக்குச் சீனியும் தேயிலையும் நாங்கள் கொண்டுபோகிறோம். பாய் அந்த ஊரில் சேர்த்துத் தருகிறார்கள். தப்புக் காய்ச்ச வைக்கல் வளவுக்காரர் எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.